தேர்தல் கருத்துக்கணிப்பு: இன்னும் மனசில் நிற்கும் அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

மேட்டூர்க்காரி:
2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்னால் கருத்துக்கணிப்பு எடுக்க ஒரு பையன் வந்தான், கையில் டேப்லெட். அம்மா திண்ணையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "யாருக்கும்மா போடுவீங்க?" "நல்லது செய்யறவங்களுக்குத்தான் தம்பி." அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திரையில் எதையோ தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். என்ன தொட்டான்? 'சொல்ல விருப்பமில்லை' என்று ஒரு கட்டம் இருந்ததா, இல்லை எதிர்வீட்டுக் கொடியைப் பார்த்துத் தோன்றியதைப் போட்டானா? அப்புறம் டிவியில் தர்மபுரி தொகுதி பற்றி என்ன சதவீதம் சொன்னாலும் எனக்கு அந்த விரல்தான் கண்முன் வருகிறது.

சிவகாசி வாசகர்:
பையனைக் குறை சொல்லாதீர்கள், வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிற வேலை. எங்கள் விருதுநகரைப் பாருங்கள். ஜூன் 4, ஓட்டு எண்ணிய அன்று காங்கிரசின் மாணிக்கம் தாகூரும் தே.மு.தி.க.வின் விஜய பிரபாகரனும் மாறி மாறி முன்னிலை. அப்பா மாத்திரை போடக்கூட எழுந்திருக்கவில்லை. முடிவில் வித்தியாசம் 4,379 ஓட்டு. பத்து லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்த தொகுதியில் இதை எந்தக் கணிப்பு முன்கூட்டிச் சொல்லும்?

கணக்கு வாத்தியார்:
சிவகாசி நண்பரே, தொகுதி முடிவைச் சொல்வதற்கு எடுப்பதல்ல மாநிலக் கணிப்பு. 4,000 பேரிடம் கேட்டார்கள் என்று வையுங்கள். 39 தொகுதிக்குப் பிரித்தால் தொகுதிக்கு நூறு பேர். நூறு பேரை வைத்துச் சொல்லும் சதவீதம் பத்துப் புள்ளி மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம். அதனால் இட எண்ணிக்கையை விடுங்கள், மாநில அளவிலான வாக்கு சதவீதத்தை மட்டும் பாருங்கள். அதிலும் யார் யாரோடு கூட்டணி என்று முடிவாவதற்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா என்று தேதியைப் பாருங்கள். இங்கே கூட்டணி மாறினால் கணக்கே தலைகீழ். 2014-இல் அ.தி.மு.க. 44 சதவீதத்தில் 37 இடம் அள்ளியது. தி.மு.க. 23 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் ஒரு இடம்கூட இல்லை. பலமுனைப் போட்டியில் சதவீதத்தை இடமாக மாற்றும் இடத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். இன்னொன்று, ஓட்டுப்பதிவுக்கு முன் வருவது வேறு, ஓட்டுப் போட்டு வருபவரிடம் கேட்பது வேறு. 2024-இல் நாம் ஏப்ரல் 19 அன்று ஓட்டுப் போட்டோம். அன்றைய கணிப்பை ஜூன் 1 மாலை ஏழாம் கட்டம் முடியும்வரை வெளியிடச் சட்டம் விடவில்லை. அந்த இடைவெளியில் வாட்ஸ்அப்பில் வந்த 'ரகசியக் கணிப்பு' எதையும் நம்பாதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். என் அனுபவம் என்றால், எங்கள் தெருவுக்கு இதுவரை யாரும் வந்ததில்லை.

தென்காசிப் பெண்:
சார், சதவீதத்தை மட்டும் பார் என்கிறீர்கள், அந்தச் சதவீதத்துக்குள் யார் இருக்கிறார்கள்? நான் வேளச்சேரியில் விடுதியில் இருக்கிறேன், ஓட்டு தென்காசியில். கணிப்புக்கு வந்த அக்காவிடம் அதை முதலிலேயே சொன்னேன். "பரவாயில்லம்மா, நீங்க சொல்லுங்க" என்று தென்சென்னை வேட்பாளர்கள் பெயரையே வாசித்தார். மறுபடியும் சொன்னேன், தலையாட்டிக்கொண்டே எழுதினார். அந்த விடுதியில் பாதிப் பேருக்கு ஓட்டு வெளியூரில்தான். எனக்குப் பிறகு அடுத்த அறைக் கதவைத் தட்டினார்.