வேர்முடிச்சுகளில் சில மட்டும் வெளுத்திருப்பது ஏன்?

கேள்வி:
நாற்பது நாள் வயதுடைய தட்டைப்பயறுச் செடிகள் சிலவற்றை வேரோடு எடுத்து, மண்ணைக் கழுவி, முடிச்சுகளைப் பிளேடால் அறுத்துப் பார்த்தேன். பெரும்பாலானவை உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தன. ஆனால் அதே வேரில் சில வெள்ளையாகவே இருந்தன. ரைசோபியம் என்னும் பாக்டீரியா முடிச்சுக்குள் வாழ்ந்து காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருகிறது, செடி அதற்கு உணவளிக்கிறது என்ற அளவில் படித்திருக்கிறேன். அப்படியானால் இந்த வெள்ளை முடிச்சுகள் இன்னும் வேலையைத் தொடங்காதவையா, அல்லது வேலையே செய்யாமல் உணவை மட்டும் பெறுபவையா? பின்னதுதான் என்றால், செடி அவற்றை ஏன் விட்டுவைக்கிறது?

மறுமொழி 1:
அந்தச் சிவப்பு நிறத்தைத் தருவது லெக்ஹீமோகுளோபின் என்னும் புரதம்; நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு நெருங்கிய உறவு. நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் நைட்ரோஜினேஸ் நொதி ஆக்சிஜன் பட்டால் செயலிழந்துவிடும். ஆனால் ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்கக் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறுகள் குறைந்தது 16 செலவாவதால், அத்தனை ஆற்றலையும் உண்டாக்குவதற்கு அதே பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் இன்றியமையாதது. லெக்ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு, கட்டற்ற ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும்படி காத்து, சுவாசத்துக்குத் தேவையானதை மட்டும் கொண்டுசேர்க்கிறது. ஆகவே உள்ளே சிவப்பே இல்லாத முடிச்சு நைட்ரஜனை நிலைப்படுத்தவில்லை என்று கொள்ளலாம்.

இனி அளவைப் பாருங்கள். கடுகளவே உள்ள வெள்ளை முடிச்சு இளையதாக இருக்கலாம். மற்றவற்றுக்கு இணையாகப் பருத்தும் வெளுத்தே இருந்தால், அதில் குடியேறியது திறனற்ற பாக்டீரியா வகையாக இருக்கக்கூடும். பொதுவாக ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு பாக்டீரியா செல்லின் வழித்தோன்றல்களால் நிரம்புகிறது. அதனால்தான் அடுத்தடுத்த முடிச்சுகளில் வெவ்வேறு வகைகள் இருக்க முடிகிறது. காய் முற்றும் பருவத்தில் பச்சையாகவோ பழுப்பாகவோ மாறுவது முதுமையால் நேர்வது.

மறுமொழி 2:
முதலில் அவை உண்மையிலேயே ரைசோபியம் முடிச்சுகள்தாமா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். வேர்முடிச்சு நூற்புழு தாக்கினாலும் வேரில் வீக்கங்கள் தோன்றும். பெயரும் ஒன்றுபோல் இருப்பதால் பலர் இரண்டையும் ஒன்றாகக் கருதிவிடுகிறார்கள். ரைசோபியம் முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் எளிதில் உதிரும். நூற்புழுவின் வீக்கமோ வேரே பருத்ததாகையால், வேரை முறிக்காமல் அதைப் பிரிக்க முடியாது.

மறுமொழி 3:
செடி ஏன் விட்டுவைக்கிறது என்பதே இதில் என்னை மிகவும் கவர்ந்த கேள்வி. வேர் ஃபிளேவனாய்டுகள் என்னும் வேதிப்பொருள்களைக் கசியவிடுகிறது. அவற்றை உணரும் பாக்டீரியா நாட் காரணிகள் என்னும் சமிக்ஞைப் பொருளை வெளியிடுகிறது. அது பொருந்தினால் வேர்த்தூவி சுருண்டு, உள்ளே ஒரு நுண்குழாயை அமைத்து வழிவிடுகிறது. இந்த அடையாளச் சோதனையில் சமிக்ஞை சரியா என்று மட்டுமே தெரியும். வந்தவர் உழைப்பாரா என்பது உள்ளே வந்தபின்தான் தெரியும். எனினும் செடி அதன்பின் வாளாவிருப்பதில்லை. 2003இல் வெளியான சோயா ஆய்வொன்றில், முடிச்சுகளைச் சுற்றியிருந்த நைட்ரஜனுக்குப் பதிலாக ஆர்கான் வாயுவை நிரப்பி, பாக்டீரியா விரும்பினாலும் உழைக்க முடியாதபடி செய்தார்கள். அம்முடிச்சுகளில் பாக்டீரியாக்கள் ஏறத்தாழப் பாதியளவே பெருகின; செடி அவற்றுக்குச் செல்லும் ஆக்சிஜனைக் குறைத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. தேய்த்துப் பார்த்ததில் எல்லாமே உதிர்ந்தன; வெளுத்தவற்றுள் இரண்டு மட்டுமே பெரியவை. யூரியா சிறிது இட்டால் அவை தேறுமா?

மறுமொழி 1:
தேறாது, நேர்மாறாகத்தான் நடக்கும். யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறும்; அது மிகுந்தால், செடி புதிய முடிச்சுகளைக் குறைத்துக்கொள்வதோடு இருப்பவற்றின் செயலையும் தணித்துவிடும், ஏனெனில் பாக்டீரியாவுக்கு உணவளிப்பது அதற்குப் பெருஞ்செலவு. இரண்டு முடிச்சுகளுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. அடுத்த பயிரில் பெரும்பாலானவை வெளுத்திருந்தால் மட்டும், அந்தப் பயறுக்கென்றே உள்ள ரைசோபியத்தை விதையுடன் கலந்து விதையுங்கள். சோயாவுக்கானது பட்டாணிக்கு உதவாது.