அலாஸ்கா பயணம்: எந்த நிறுவனம், எந்தக் கப்பல்?

கேள்வி: எழுபது வயதைக் கடந்த என் பெற்றோரையும் பத்து வயது மகனையும் அழைத்துக்கொண்டு அலாஸ்காவுக்குக் கப்பலில் செல்ல விரும்புகிறேன். ராயல் கரீபியனின் ‘ஓவேஷன் ஆஃப் த சீஸ்’, ஹாலந்து அமெரிக்காவின் ‘கோனிங்ஸ்டாம்’ ஆகிய இரண்டில் எது பொருத்தமாக இருக்கும்? பெற்றோர் சைவ உணவு மட்டுமே உண்பவர்கள்.

பதில் 1: கப்பலைப் பார்ப்பதற்கு முன் வழித்தடத்தைப் பாருங்கள். அலாஸ்காவில் பனியாறுகள் நிறைந்த கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் நாளொன்றுக்கு இரண்டு பெரிய பயணிகள் கப்பல்களுக்கு மேல் அனுமதிப்பதில்லை. அந்த அனுமதியில் பெரும்பங்கு ஹாலந்து அமெரிக்கா, பிரின்சஸ் போன்ற சில நிறுவனங்களிடமே உள்ளது. பூங்காக் காவலர்கள் கப்பலில் ஏறி விளக்கம் அளிக்க, மார்ஜரி பனியாற்றின் நீலம் பாய்ந்த சுவரிலிருந்து பனிப்பாளம் பிளந்து விழுவதும், இடிபோன்ற ஓசை சற்றுத் தாமதித்து வந்து சேர்வதும் பெரியவர்கள் நாற்காலியில் அமர்ந்தபடியே காணக்கூடிய அற்புதம். என் தேர்வு கோனிங்ஸ்டாம்தான்.

பதில் 2: சிறுவனையும் எண்ணிப் பாருங்கள். ஓவேஷனில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 90 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் செல்லும் கண்ணாடிக் கூண்டு உள்ளது. ஆனால் 4,000க்கும் மேற்பட்ட பயணிகள் என்பதால் நெரிசல் உண்டு. மேலும், அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்து புறப்படும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த கடலில் செல்வதால் ஆட்டம் தெரியும். கனடாவின் வான்கூவர் நகரிலிருந்து புறப்படுபவை தீவுகளுக்கிடையே அமைதியான நீரில் செல்கின்றன.

பதில் 3: இந்தியக் கடவுச்சீட்டு எனில் கனடா விசாவையும், மீண்டும் நுழைய அனுமதிக்கும் அமெரிக்க விசாவையும் முதலில் உறுதிசெய்யுங்கள். இந்திய சைவ உணவு வேண்டுமென்று முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்துவிட்டு, முதல் நாள் மாலையே உணவுக்கூடத் தலைமைப் பணியாளரிடம் நினைவூட்டுங்கள்.