ஹல் ஹவுஸ் வாசலில் நின்றபோது: ஜேன் ஆடம்ஸ் குறித்து நம் அனுபவங்கள்

மகளைப் பார்க்கச் சிகாகோ போயிருந்தபோது, ஹால்ஸ்டெட் தெருவில் உள்ள ஹல் ஹவுஸுக்குச் சென்றேன். 1889-இல் அமெரிக்கச் சமூக சேவகி ஜேன் ஆடம்ஸ் தம் தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன், ஏழைத் தொழிலாளர்களுக்கு உதவ அவர்கள் நடுவே குடிவந்த வீடு அது. பின்னாளில் 13 கட்டடங்களாகப் பெருகியிருக்கிறது. 1960-களில் பல்கலைக்கழக வளாகத்துக்காக இடித்ததுபோக, இன்று இரண்டே மிச்சம். இப்போது அருங்காட்சியகம்.

நான் எங்கள் பேரூராட்சியில் ஐந்தாண்டுகள் வார்டு உறுப்பினராக இருந்தவள். குப்பை வண்டி வராத நாளில் முதல் சத்தம் என் வீட்டு வாசலில்தான் கேட்கும். 1895-இல் ஜேன் ஆடம்ஸும் தம் வார்டின் குப்பை ஆய்வாளர் பொறுப்பை ஏற்றவர் என்று அறிந்ததும் எனக்குக் கால் நகரவில்லை. காலை ஆறு மணிக்கே எழுந்து வண்டிகளின் பின்னால் போவாராம். ஒரு தெருவில் 18 அங்குலக் குப்பையை அகற்றிய பிறகுதான் தளமே தெரிந்ததாம்!

அந்த வீட்டின் முதல் கிறிஸ்துமஸில் சில சிறுமிகள் மிட்டாய் வாங்க மறுத்தார்களாம். ஆறு வாரமாகக் காலை ஏழு முதல் இரவு ஒன்பது வரை மிட்டாய் ஆலையில் வேலை பார்த்தவர்கள். அதைக் கண்ணால் பார்க்கவே பிடிக்கவில்லை. இதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

இத்தாலியர், ஜெர்மானியர், ரஷ்ய யூதர் எல்லோரும் அங்கே அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்கள். முதல் உலகப் போரின் நடுவே, 1915-இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் நடந்த பெண்கள் அமைதி மாநாட்டுக்கு ஜேன் ஆடம்ஸ் தலைமை ஏற்றதும், போரிடும் நாடுகளின் தலைநகரங்களுக்கே போய்ப் பேசியதும் அவர்களோடு பழகியதில் வந்த துணிவு என்றே நான் நம்புகிறேன். துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாயுமுன் வீரர்களுக்குப் போதையூட்டுகிறார்கள் என்று ஊர் திரும்பிச் சொன்னதற்கு, அதுவரை கொண்டாடிய நாளேடுகளே தூற்றின. அவர் அமைதிப் பணியை விடவில்லை.

மறுமொழி:

அக்கா, நான் சீடர்வில் போயிருக்கிறேன். இல்லினாய் மாநிலத்தின் வடக்கே அவர் பிறந்த சிற்றூர். 1935-இல் காலமானதும் அங்கேதான் அடக்கம் செய்தார்கள். 1931-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முதல் அமெரிக்கப் பெண் அல்லவா, அதைக் கல்லறைக் கல்லில் தேடினேன். காணவில்லை. அவர் பெயருக்குக் கீழே இரண்டே அடையாளங்கள்: ஹல் ஹவுஸ், அவர் தலைமை தாங்கிய ‘அமைதிக்கும் விடுதலைக்குமான பெண்கள் பன்னாட்டுக் கழகம்’. பரிசுப் பணத்தையும் அந்தக் கழகத்துக்கே கொடுத்துவிட்டவர். நீங்கள் குப்பை வண்டியைப் பற்றி எழுதியதைப் படித்ததும் அந்தக் கல்தான் கண்முன் வந்தது.