ஃபோர்க்கிலிருந்து வரும் புல் ரிக்வெஸ்ட்டில் மட்டும் பில்ட் ஃபெயில் ஆகிறது, என்ன செய்யலாம்?

குலசேகரம்_ரப்பர்:
வணக்கம். குலசேகரம், அருமனை பக்கத்துச் சிறு ரப்பர் விவசாயிகளுக்காக ஓர் ஆண்ட்ராய்டு செயலி எழுதி, கிட்ஹப்பில் (கோட் பகிரும் தளம்) பொதுவில் வைத்திருக்கிறோம். அன்றன்றைய ஷீட் எடை, ஒட்டுப்பால், பால்வெட்டுக்காரருக்குக் கொடுத்த கூலி எல்லாம் அதில் ஏறும். கணக்கு அவரவர் போனிலேயே இருக்கும், சர்வர் கிடையாது.

நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் இப்போது ஆர்வமாகத் திருத்தம் அனுப்புகிறார்கள். நான் என் பிராஞ்சிலிருந்து அனுப்பினால் செக் எல்லாம் பாஸ். அவர்கள் ஃபோர்க்கிலிருந்து (எங்கள் கோடின் அவரவர் நகல்) புல் ரிக்வெஸ்ட்டாக (திருத்தத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) அனுப்பினால், செயலியைக் கையொப்பமிடும் இடத்தில் கீஸ்டோர் (கையொப்பச் சாவி இருக்கும் கோப்பு) கடவுச்சொல் காலியாக வந்து பில்ட் நின்றுவிடுகிறது. ஒர்க்ஃப்ளோவில் (கிட்ஹப் தானாக ஓட்டும் வேலைகளின் பட்டியல்) புல்_ரிக்வெஸ்ட் என்பதை புல்_ரிக்வெஸ்ட்_டார்கெட் என்று மாற்றச் சொல்கிறார் ஒரு நண்பர். மாற்றலாமா?

இன்னொன்றும் உண்டு. மெயினில் (முதன்மைப் பிராஞ்ச்) திருத்தம் மெர்ஜ் ஆனதும் ஓர் ஒர்க்ஃப்ளோ தானே பதிப்பு எண்ணை ஏற்றி டேக் (பதிப்புக்கு ஒட்டும் பெயர்) போடுகிறது. ஆனால் அந்த டேகைப் பார்த்து ஓட வேண்டிய ரிலீஸ் ஒர்க்ஃப்ளோ அசைவதே இல்லை. கையால் டேக் போட்டால் ஓடுகிறது!

தக்கலை_அக்கா:
மாற்ற வேண்டாம் தம்பி. ஃபோர்க்கிலிருந்து வருவதற்குக் கிட்ஹப் சீக்ரெட் (சேமித்து வைத்த கடவுச்சொல் போன்றவை) கொடுப்பதில்லை, டோக்கனும் (ஒர்க்ஃப்ளோவுக்குக் கிட்ஹப் தரும் அனுமதிச் சீட்டு) படிக்க மட்டும்தான். வேண்டுமென்றே வைத்த காவல் அது. டார்கெட் வகை உங்கள் ரெப்போவின் (கிட்ஹப்பில் உங்கள் கோட் இருக்கும் இடம்) உரிமையோடு ஓடும். அதில் திருத்தம் அனுப்பியவரின் கோடை இறக்கி (செக்அவுட்) கிரேடிலை (பில்ட் செய்யும் கருவி) ஓட்டினால், முன்பின் தெரியாத ஒருவர் பில்ட் ஃபைலில் ஒரு வரி சேர்த்துக் கீஸ்டோரையே கொண்டுபோகலாம்.

உங்கள் செயலிக்கு அது சாதாரண விஷயம் இல்லை. சாவி களவு போய் மாற்ற வேண்டி வந்தால், வேறு சாவியில் கையொப்பமிட்ட ஏபிகே (செயலியை நிறுவும் கோப்பு) பழையதன் மேல் ஏறாது. பழையதை நீக்கினால் போனில் இருக்கும் கணக்கும் போகும். வருடக்கணக்காகக் கூலிக் கணக்கு எழுதி வைத்தவரிடம் போய் என்ன சொல்வீர்கள்?

திருத்தத்தைச் சோதிக்க அந்தச் சாவியே தேவையில்லை. லின்ட் (கோடில் பிழை தேடுவது), யூனிட் டெஸ்ட், டீபக் பில்ட் (சோதனைக்கான பில்ட்) போதும். டீபக்குக்கான சாவியை ஆண்ட்ராய்டு கருவியே உண்டாக்கிக்கொள்ளும். உண்மையான கீஸ்டோரை கிட்ஹப்பில் ‘ரிலீஸ்’ என்று ஓர் என்விரான்மென்ட் (சீக்ரெட்டுக்கான தனி அறை மாதிரி) திறந்து அதற்குள் வையுங்கள். ஒப்புதல் தருபவராக உங்களையும் இன்னொருவரையும் போடுங்கள். ஒருவர் சரி சொல்லும்வரை அதைப் பயன்படுத்தும் ஜாப் (ஒர்க்ஃப்ளோவின் ஒரு பகுதி) தொடங்காது. பொது ரெப்போவுக்கு இதற்குக் காசு கிடையாது.

குளச்சல்_கோடர்:
டேக் விஷயம்: கிட்ஹப் டோக்கனால் போட்ட டேக் இன்னொரு ஒர்க்ஃப்ளோவைக் கிளப்பாது. ஒன்றை ஒன்று முடிவில்லாமல் கிளப்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான். டேக் போடும் அதே ஒர்க்ஃப்ளோவில் ‘நீட்ஸ்’ (முந்தைய ஜாப் முடிந்த பிறகே ஓடு என்னும் வரி) வைத்து ரிலீஸை அடுத்த ஜாப்பாகச் சேருங்கள், அதுதான் சுலபம். கன்டென்ட்ஸுக்கு (ரெப்போவின் உள்ளடக்கம்) எழுதும் அனுமதியை அந்த ஒர்க்ஃப்ளோவில் கேட்க வேண்டும், இல்லையென்றால் 403 (அனுமதி இல்லை) பிழை வரும்.

குலசேகரம்_ரப்பர்:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. டீபக் பில்டாக மாற்றியதும் மாணவர்களின் திருத்தங்கள் பாஸ் ஆகிவிட்டன. ரிலீஸ் ஜாப்பில் வெளியார் எழுதிய ஆக்ஷன் (ஒர்க்ஃப்ளோவில் சேர்க்கும் ஆயத்தக் கோட்) இருக்கிறது. அதை அப்படியே விடலாமா?

தக்கலை_அக்கா:
விடாதீர்கள். 2025 மார்ச்சில் டிஜே-ஆக்ஷன்ஸின் சேஞ்ச்ட்-ஃபைல்ஸ் என்ற ஆக்ஷனில் பழைய பதிப்பு டேக்குகளையே திருட்டு கோடின் பக்கம் திருப்பி, சீக்ரெட்டுகளை லாகில் (ஒர்க்ஃப்ளோ ஓடிய பதிவு) கொட்ட வைத்தார்கள். டேக் பெயரை எடுத்துவிட்டு, முழு 40 எழுத்துக் கமிட் எண்ணைப் (ஒரு குறிப்பிட்ட கோட் நிலையின் அடையாளம்) போடுங்கள். முதலில் ரிலீஸ் ஜாப்பில், மற்றவை அப்புறம்.