மே 1-க்குள் டெபாசிட் கட்ட வேண்டும், எந்தக் கல்லூரி?

எடிசன் அப்பா:
வணக்கம். நியூஜெர்சி வந்து ஏழு மாதம் ஆகிறது. மகளுக்கு இரண்டு அரசுக் கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. அமெரிக்கக் கல்வித் துறையின் இணையதளமான காலேஜ் ஸ்கோர்கார்டில் பார்த்தால் ஒன்றில் பட்டம் முடிப்பவர்கள் அதிகம். மற்றதில் படித்தவர்களுக்குச் சம்பளம் கூடுதல், படிப்புக் கடன் குறைவு. ஆறு நாள்தான் இருக்கிறது. எதை நம்புவது?

பனிக்காலத்தான்:
2003-இல் மிச்சிகனில் வந்து இறங்கினேன். கோட்டு கிடையாது, கார் கிடையாது. பஸ்ஸுக்கு நின்றே காது மரத்துப்போனது. எந்த வெப்சைட்டைப் பார்த்தோம்? பெயர் பெற்ற கல்லூரியாகப் பார்த்துச் சேருங்கள், மற்றது தானாக வரும்.

டல்லாஸ்காரி:
பெயரைப் பார்த்துச் சேர்ந்த என் அண்ணன் மகன் இன்னும் கடன் கட்டுகிறான். கட்டணம் குறைந்த உள்ளூர் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம், அப்புறம் நான்கு வருடக் கல்லூரிக்கு மாறிக்கொள்ளலாம். அங்கே பட்டம் முடிக்கும் விகிதம் குறைவாகத் தெரியும், பயப்படாதீர்கள். நடுவில் வேறு கல்லூரிக்குப் போனவர்களையும் முடிக்காதவர்கள் கணக்கில்தான் சேர்ப்பார்கள்.

பனிக்காலத்தான்:
கம்யூனிட்டி காலேஜ் என்று ஊருக்கு போன் போட்டுச் சொல்லிப் பாருங்கள், மாமியார் என்ன சொல்வார் என்று.

டல்லாஸ்காரி:
கட்டணத்தை மாமியாரா கட்டப்போகிறார்? நவராத்திரி கொலுவுக்குப் போனால்கூட சுண்டலுக்கு முன்னால் "எந்த காலேஜ்" என்றுதான் கேட்கிறார்கள். போவதையே நிறுத்திவிட்டேன்.

ராலே அக்கா:
கொலு இருக்கட்டும். தம்பி, முக்கியமானதைச் சொல்லவில்லையே. என்ன விசா? என்ன படிப்பு?

எடிசன் அப்பா:
மன்னிக்கவும் அக்கா. எனக்கு எச்-1பி வேலை விசா, மகளுக்கு என்னைச் சார்ந்த எச்-4. கம்ப்யூட்டர் சயின்ஸ். செப்டம்பர் 20 வந்தோம்.

ராலே அக்கா:
அப்படியென்றால் அந்தச் சம்பளமும் கடனும் உங்கள் மகளைப் பற்றியவை அல்ல. மத்திய அரசின் உதவித்தொகையோ கடனோ வாங்கியவர்களை வைத்துத்தான் சம்பளத்தைக் கணக்கிடுகிறார்கள். எச்-4 பிள்ளைகளுக்கு அந்த உதவி கிடையாது. கடன் என்று காட்டுவதும் அரசுக் கடன் வாங்கிப் படிப்பை முடித்தவர்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் வருபவரின் தொகை. தனியார் வங்கிக் கடன் அதில் வராது, பெற்றோர் பெயரில் எடுத்த கடனும் வராது. சம்பளத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால், கல்லூரி முழுமைக்குமானதை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று துறைவாரியாகத் தேடுங்கள். நர்ஸும் நாடகம் படித்தவரும் சேர்ந்த கணக்கால் உங்களுக்கு என்ன பயன்? முக்கியமாக முடிக்கும் விகிதத்தைப் பொருட்படுத்துங்கள். நான்கு வருடப் படிப்பு ஐந்தாவது வருடம் போனால் அந்தக் கட்டணமும் உங்கள் கையிலிருந்துதான்.

அதைவிடப் பெரிது, அரசுக் கல்லூரிகளுக்கு ஸ்கோர்கார்டில் காட்டும் செலவு மாநிலத்தில் வசிப்பவர்களுக்கானது. நியூஜெர்சியில் 12 மாதம் வசித்திருந்தால்தான் உள்ளூர்வாசி என்று எடுத்துக்கொண்டு குறைந்த கட்டணம் வாங்குவார்கள். வகுப்பு செப்டம்பர் தொடக்கத்தில் என்றால் உங்களுக்குச் சில வாரம் குறைகிறது. குறைந்தாலும் இங்கேதான் நிலையாகக் குடியிருக்கிறோம் என்று ஆதாரம் காட்டிக் கேட்கலாம். வாடகை ஒப்பந்தம், டிரைவிங் லைசென்ஸ், மாநில வரி தாக்கல் எல்லாம் எடுத்து வையுங்கள். திங்கட்கிழமை இரண்டு கல்லூரிகளுக்கும் போன் செய்து, எச்-4க்கு என்ன விதி, தேதியை எதிலிருந்து எண்ணுவார்கள் என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். 21 வயதானால் எச்-4 போய்விடும், எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். அப்போது கட்டணம் என்னவாகும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எடிசன் அப்பா:
வாடகை ஒப்பந்தம் நண்பர் பெயரில் இருக்கிறது அக்கா.

ராலே அக்கா:
முதலில் அதை மாற்றுங்கள்.