புதுப்பிப்பு: காணாமல் போன பாஸ்பேட் கிடைத்துவிட்டது

போன மாதம் ஒரு கேள்வி போட்டிருந்தேன். ஈ.ஜி.எஃப் (செல்லை வளரத் தூண்டும் புரதம்) கொடுத்த ஹீலா செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்கள்) ஈ.ஆர்.கே என்ற சமிக்ஞைப் புரதம் மொத்தமாக நன்றாகத் தெரிகிறது. பாஸ்பேட் ஏறிய, அதாவது செயல்படும் வடிவம் மட்டும் பிளாட்டில் (புரதங்களைப் பிரித்துச் சவ்வில் பட்டைகளாகக் காட்டும் சோதனை) ஒரு நாள் வருகிறது, மறுநாள் காணோம், ஏன் என்று.

காரணம் செல்லை உடைக்க நான் பயன்படுத்தும் பஃபர் கரைசல்தான். செல்லை உடைத்த பிறகும் அதிலுள்ள பாஸ்படேஸ் நொதிகள் சும்மா இருப்பதில்லை. கைனேஸ் என்ற நொதி புரதத்தில் ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கும் சோடியம் ஆர்த்தோவனடேட்டை நான் வெறுமனே கரைத்து ஊற்றியிருந்தேன். பி.எச் 10-க்குக் கொண்டுவந்து, மஞ்சள் நிறம் போகும்வரை கொதிக்கவைக்க வேண்டுமாம். போதாததற்கு ஐஸ் இயந்திரமும் பழுது. புதுச்சேரி மே மாத வெயிலில் மாதிரி ஐந்து நிமிடம் மேசையில் இருந்தாலே போச்சு. இரண்டையும் சரிசெய்ததும் பட்டை மூன்று முறையும் வந்தது. பிளாட் சவ்வில் ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்கப் போடும் பாலுக்குப் பதில் பி.எஸ்.ஏ (மாட்டு ரத்தப் புரதம்) போடச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. பாலிலுள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம் என்பதை மறந்திருந்தேன்.

அப்புறம், உயிருள்ள செல்லிலேயே பார்க்கச் சொன்னீர்களே, அதையும் செய்தேன். ஈ.ஆர்.கே (இதுவும் ஒரு கைனேஸ்தான்) வேலை செய்தால் உட்கருவை விட்டு வெளியேறும் ஒளிரும் ரிப்போர்ட்டர் அது. பக்கத்துப் பக்கத்து செல்களில்கூட ஈ.ஆர்.கே செயல்பாடு ஒரே நேரத்தில் எழவில்லை! ஒன்றில் அடங்கும்போது இன்னொன்றில் எழுகிறது. பிளாட் இத்தனை நாளும் எனக்குச் சராசரியை மட்டுமே காட்டியிருக்கிறது. மெக் (ஈ.ஆர்.கே-யில் பாஸ்பேட்டை ஏற்றும் கைனேஸ்) தடுப்பானைச் சேர்த்ததும் ரிப்போர்ட்டர் உட்கருவுக்குத் திரும்பியது. அடுத்து, பாஸ்பேட் ஏறும் இடங்களை, பாஸ்பேட் ஏற முடியாத அலனின் என்ற அமினோ அமிலமாக மாற்றிய ரிப்போர்ட்டரை ஓட்டப்போகிறேன்.