பி.ஆர்க் சேரும் மகளுக்கு 2.5 கிலோ லேப்டாப்பா, 1.3 கிலோவா?

மஞ்சள்மண்டி:
வணக்கம். ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்கிறேன். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது டாலி மட்டும். மகளுக்குக் கோவையில் பி.ஆர்க் (கட்டடக்கலை) இடம் கிடைத்திருக்கிறது. ஐந்து வருடப் படிப்பு, ஹாஸ்டல். ஹாஸ்டலிலிருந்து, வரையும் வகுப்பறையான ஸ்டுடியோவுக்குப் பதினைந்து நிமிட நடை, அப்புறம் மூன்று மாடி. லிஃப்ட் ஆசிரியர்களுக்கு மட்டுமாம்.

கடையில் இரண்டு லேப்டாப் காட்டினார்கள். ஒன்று 16 அங்குல கேமிங் லேப்டாப், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 2.5 கிலோ. அதற்குச் செங்கல் மாதிரி ஒரு சார்ஜர். இன்னொன்று 14 அங்குலம், 1.3 கிலோ, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, சார்ஜர் போன் சார்ஜரை விடக் கொஞ்சம்தான் பெரிது. ரேம் இரண்டிலும் 16 ஜிபி. என் பட்ஜெட் 1,10,000. "ஆர்க்கிடெக்சர்னா கண்ணை மூடிக்கிட்டுப் பெரியதை எடுங்க" என்கிறார் கடைக்காரர். மகள் சின்னதைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை. படித்தவர்கள் சொல்லுங்க.

ராத்திரிரெண்டர்:
கடைக்காரர் சொல்வது சரி. பெரியதை எடுங்கள்.

நான் படித்தபோது அப்பாவிடம் அடம் பிடித்து மெல்லிய லேப்டாப்தான் வாங்கினேன். மூன்றாம் ஆண்டு வரை ஒரு குறையும் இல்லை. நான்காம் ஆண்டு, டிசைனைப் பார்த்து மார்க் போடும் ஜூரியில், கட்டடத்தைச் சுற்றிக் காட்டும் ஒரு நிமிட வீடியோ கேட்டார்கள். ஒரு நிமிடம் என்றால் நொடிக்கு 30 படம் வீதம் 1800 படம். கம்ப்யூட்டரில் செய்த கட்டட மாடலை நிஜம் போன்ற படமாக மெஷின் மாற்றுவதுதான் ரெண்டர். நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒரு படத்தை ஐந்து நொடியில் முடித்தால் மொத்தம் இரண்டரை மணி நேரம். இருபது நொடி எடுத்தால் பத்து மணி நேரம். தனி கார்டே இல்லாத என் மெஷினில் லூமியன் என்ற ரெண்டர் மென்பொருள் திறந்ததும் மூடிக்கொண்டது. ராத்திரி ஒரு மணிக்கு ஹாஸ்டலில் அறை அறையாகக் கதவைத் தட்டினேன். எல்லாருடைய மெஷினிலும் அவரவர் ரெண்டர் ஓடிக்கொண்டிருந்தது, யார் தருவார்கள்? பார்க்கிங் ஏரியா பாதி வெள்ளையாக இருந்த வீடியோவோடு போய் நின்றேன்.

இன்னொன்று. பெண் ஆசைப்படுகிறாள் என்று ஆப்பிளின் மேக் பக்கம் போய்விடாதீர்கள். கட்டட மாடல் செய்யும் ரெவிட்டும், 3டி படம் செய்யும் 3டிஎஸ் மேக்ஸும் விண்டோஸுக்கு மட்டும்தான். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ரைனோ மேக்கிலும் உண்டு, ஆனால் ரெவிட் இல்லாமல் இன்று பல ஆபீஸ்களில் இன்டர்ன்ஷிப்பே கஷ்டம்.

தோள்வலி:
பெயரைப் பார்த்தே நான் எந்தக் கட்சி என்று தெரிந்திருக்கும்.

தம்பி நான்காம் ஆண்டு ஒரு ராத்திரியைச் சொன்னார். நான் மீதி ராத்திரிகளையும் பகல்களையும் சொல்கிறேன். என்னுடையது 2.6 கிலோ, சார்ஜர் முக்கால் கிலோவுக்கு மேல். அதோடு வரைபடத்தைச் சுருட்டி வைக்கும் ஷீட் டியூப், மாடல் செய்யும் அட்டை, கட்டர், தண்ணீர் பாட்டில். முதல் மாதம் வீராப்பாகத் தூக்கினேன். இரண்டாம் செமஸ்டரில் அது ஹாஸ்டல் மேஜையை விட்டு இறங்கவில்லை. ஆசிரியர் மேஜைக்கு வந்து பிளானைப் பார்த்து "இந்தப் படிக்கட்டை இந்தப் பக்கம் தள்ளினால் என்ன ஆகும்?" என்று கேட்பார். பக்கத்தில் இருப்பவள் அங்கேயே தள்ளிக் காட்டுவாள். நான் "நாளைக்குக் காட்டுகிறேன் சார்" என்பேன். டிசைன் அந்த மேஜையில்தான் வளர்கிறது. ரெண்டர் என்பது வளர்ந்து முடிந்ததற்குப் போடும் அலங்காரம்.

ஜூரி ராத்திரி ஒரு செமஸ்டருக்கு எத்தனை? நான்கு, ஐந்து. மற்ற நாளெல்லாம் யார் தூக்குவது?

ராத்திரிரெண்டர்:
அந்த நான்கு ராத்திரியில்தானே அக்கா மார்க் இருக்கிறது? படிக்கட்டைத் தள்ளிக் காட்டியதற்கு மார்க் போட்ட ஜூரியை நான் பார்த்ததில்லை.

மெல்லிய மெஷினில் சூடும் ஒரு பிரச்சினை. முதல் சில நிமிடம் வேகமாக ஓடும், சூடு ஏறியதும் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சின்ன விசிறி, சின்ன உடம்பு, சூடு வெளியே போக வழி இல்லை. ஏப்ரல் மாத ஹாஸ்டல் அறையை நினைத்துப் பாருங்கள், மின்விசிறியே அனல் காற்றைத்தான் தள்ளும்.

தோள்வலி:
ரெவிட்டில் மாடல் செய்யும் வேலையில் பெரும்பகுதி பிராசஸருக்குள் இருக்கும் பல கோர்களில் (கணக்குப் போடும் பகுதிகளில்) ஒன்றை மட்டும் நம்பித்தான் ஓடுகிறது. அதற்கு 4060 இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஏறத்தாழ ஒன்றுதான். கார்டு கேட்பது லூமியன், என்ஸ்கேப், டி5 வகையறா. அவையும் மாணவர் வாழ்க்கையில் தினசரிச் சாப்பாடு இல்லை, விருந்து.

அப்புறம் பிளக் பாயிண்ட். அறுபது பேர் உட்காரும் எங்கள் ஸ்டுடியோவில் சுவரில் எட்டு இருந்தது. அதில் இரண்டு தீப்பொறி பறக்கும். கேமிங் லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றினால் அது யானைக்குட்டி மாதிரி படுத்துக்கொள்ளும்.

ஸ்க்ரூடிரைவர்:
சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு பேர் சொல்வதிலும் பாதிப் பாதி சரி. யானைக்குட்டி கணக்கை மட்டும் போட்டுக் காட்டுகிறேன். பேட்டரி 80 வாட் ஹவர் என்று வையுங்கள். கார்டு முழு வேகத்தில் 100 வாட் இழுத்தால், பிராசஸரும் திரையும் சேர்ந்து அரை மணி நேரம் சொச்சத்தில் பேட்டரி காலி. அதனால்தான் சார்ஜரைக் கழற்றியதும் மெஷின் தானாகவே கார்டை அடக்கிவிடுகிறது. பேட்டரியைப் பெரிதாக்கலாமே என்றால், அனுமதி கேட்காமல் விமானத்தில் கொண்டுபோக 100 வாட் ஹவர்தான் எல்லை, கம்பெனிகள் அதோடு நிறுத்திக்கொள்கின்றன.

அண்ணா, உங்களுக்கு முக்கியமானது வேறு. 4060 என்று ஸ்டிக்கர் இருந்தால் எல்லாம் ஒரே 4060 இல்லை. லேப்டாப் 4060-க்கு என்விடியா கொடுத்திருக்கும் மின்சார அளவு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. எவ்வளவு கொடுப்பது என்பது லேப்டாப் செய்யும் கம்பெனியின் முடிவு. 45 வாட் கொடுத்த 4060-ம் 115 வாட் கொடுத்த 4060-ம் ஒரே பெயரில் ஒரே அலமாரியில் நிற்கும். அதற்கு மேல் மாடலான 4070-ல் இன்னும் மோசம்: டெஸ்க்டாப் 4070-க்கு 12 ஜிபி மெமரி, லேப்டாப் 4070-க்கு 8 ஜிபி, உள்ளே சிப்பே வேறு. கடைக்காரரிடம் "எத்தனை வாட்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் அடுத்த கடை.

சின்ன மெஷினில் கேட்க வேண்டியது ரேம். மெல்லியவற்றில் பலவற்றில் ரேம் போர்டோடு ஒட்டவைத்தே வரும். இன்று 16 வாங்கினால் ஐந்தாம் ஆண்டிலும் 16தான். கேமிங் மெஷின்களில் பெரும்பாலும் ஸ்லாட் இருக்கும், பிறகு 32 ஆக்கலாம்.

என் மேஜைக்கு வரும் வியாதி என்று பார்த்தால், கனமான மெஷினில் கீல். திரையின் ஒரு மூலையைப் பிடித்தே தூக்குகிறார்கள், கீல் பிய்ந்துகொண்டு வருகிறது. இன்னொன்று வீங்கிய பேட்டரி. இருபத்துநாலு மணி நேரமும் சார்ஜரில், நூறு சதவீதத்தில், சூட்டில் கிடந்தால் அதற்கு வேறு கதி இல்லை. 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி செட்டிங் இருக்கும், வாங்கிய அன்றே போட்டுவிடுங்கள்.

மூன்றாம்ஆண்டு:
ஐயா, நான் இப்போது மூன்றாம் ஆண்டு பி.ஆர்க். பெரியவர்கள் எல்லாரும் ஒன்றை மறந்துவிட்டார்கள். முதல் வருடம் முழுக்கக் கையால்தான் வரைய வேண்டும். டிராயிங் போர்டு, அதில் மாட்டிக் கோடு போடும் மினி டிராஃப்டர், பென்சில், ஷீட். எங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்கு முன்னால் கம்ப்யூட்டரில் வரைந்து கொண்டுபோனால் ஷீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நான் ஆடி ஆஃபரில் வாங்கிய லேப்டாப்பில் ஒரு வருடம் படம் பார்த்தேன். ரெவிட் தொடங்கும்போது வாரண்டி முடிந்திருந்தது. ரெவிட், ஆட்டோகேட் போன்ற ஆட்டோடெஸ்க் கம்பெனி மென்பொருட்கள் மாணவர்களுக்கு இலவசம், வருடா வருடம் புதுப்பித்துக்கொள்ளலாம், அதனால் அதற்காக அவசரப்படவும் வேண்டாம்.

இப்போது எதுவுமே வாங்காதீர்கள் என்பதுதான் என் கருத்து.

ராத்திரிரெண்டர்:
தம்பி சொல்வது உண்மை. நானே மறந்துவிட்டேன். ஆனால் அடுத்த வருடம் வாங்கினாலும் கேள்வி அதேதான், பெரியதா சின்னதா.

தோள்வலி:
அதே இல்லை. ஒரு வருடத்தில் அந்தப் பெண்ணுக்கே தன் வேலை எப்படி என்று தெரிந்துவிடும். ஸ்டுடியோவில் உட்கார்ந்து வேலை செய்கிறவளா, ஹாஸ்டல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறவளா என்று. பதினேழு வயதில் அப்பாவும் கடைக்காரரும் சேர்ந்து எடுக்கும் முடிவை விட அது மேல்.

என் யோசனை: அடுத்த வருடம் சின்ன லேப்டாப், இரண்டு வருடம் கழித்து ஈரோட்டு வீட்டில் ஒரு டெஸ்க்டாப். இணையம் வழியாக ஹாஸ்டலிலிருந்தே அதை இயக்கலாம். கார்டு வீட்டில் சூடாகட்டும், பெண் தோளில் வேண்டாம்.

ராத்திரிரெண்டர்:
ஜூரிக்கு முந்தைய ராத்திரி ஈரோட்டில் கரண்ட் போனால்? அம்மாவை இரண்டு மணிக்கு எழுப்பி "அந்த நீல லைட் பக்கத்துல இருக்கற பட்டனை அமுத்தும்மா" என்று சொல்ல வேண்டும்.

ஸ்க்ரூடிரைவர்:
எழுப்ப வேண்டாம். கரண்ட் திரும்பியதும் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் (மெஷினின் அடிப்படை அமைப்பில்) ஒரு செட்டிங் உண்டு. பாதியில் நின்ற ரெண்டர் போனது போனதுதான், அதற்கு யூபிஎஸ் வேண்டும். பெரிய கார்டோடு ரெண்டர் ஓடும்போது சாதாரண யூபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும். ஹாஸ்டல் வைஃபையும் ஜூரி வாரத்தில் எல்லாரும் ஏறி உட்காரும் டவுன் பஸ்தான். தங்கச்சி யோசனை நல்ல யோசனை, ஆனால் அதை முதல் வாரமே சோதித்துப் பார்க்க வேண்டும், கடைசி ராத்திரி இல்லை.

ராத்திரிரெண்டர்:
நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஏசூஸ் ஜெபைரஸ் ஜி14 மாதிரி 14 அங்குல மெஷின்கள் தனி கார்டோடு 1.5, 1.6 கிலோவில் வருகின்றன. புதியது என்றால் ஐயா சொன்ன பட்ஜெட்டைத் தாண்டும். ரெண்டர் ஓடும்போது விசிறிச் சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்காருவாள். ஒரு வருடம் தள்ளி வாங்குவதாக இருந்தால் இதையும் பார்த்து வையுங்கள். இப்படி எழுதுவதால் அக்கா பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. கார்டு இல்லாத மெஷினை இன்னும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தோள்வலி:
சாய வேண்டாம் தம்பி. நிமிர்ந்து நின்றால் போதும், நான் அதற்கே பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

மஞ்சள்மண்டி:
எல்லாவற்றையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். நேற்று ஒரு சோதனையும் செய்தோம். லேப்டாப்புக்கு 2.5, சார்ஜருக்கு 800 கிராம், மொத்தம் 3 கிலோ 300. மண்டியில் தராசுக்கா பஞ்சம்? விரலி மஞ்சளை எடை போட்டு அவள் பையில் கட்டிவிட்டேன். திண்டல் முருகன் கோயில் படியில் ஏறச் சொன்னேன். மூச்சு வாங்காமல் ஏறிவிட்டாள். பார்த்தாயா, பெரியதே வாங்கலாம் என்றேன். "இன்னிக்கு ஏறிட்டேன்ப்பா. நாளைக்கும் ஏறச் சொல்லுங்க, நாளான்னைக்கும் சொல்லுங்க" என்றாள். இன்று காலை கூப்பிட்டேன், தூங்குவது போல் நடிக்கிறாள்.

இந்த வருடம் வாங்கவில்லை. பணத்தை அஞ்சலகத்தில் ஒரு வருட டெபாசிட்டில் போட்டுவிட்டேன். அடுத்த வருடம் அவளே இங்கே வந்து கேட்பாள், அப்போதும் சண்டை போடுங்கள். இப்போதைக்கு ஒரே சந்தேகம், மூன்றாம்ஆண்டு தம்பிக்கு: அந்த டிராயிங் போர்டு எத்தனை கிலோ இருக்கும்?

மூன்றாம்ஆண்டு:
லேப்டாப்பை விட அதிகம் ஐயா. ஆனால் அதை ஸ்டுடியோவிலேயே வைத்துவிடலாம். டிராஃப்டரை மட்டும் பெயர் எழுதிப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள், என்னுடையது முதல் வாரமே காணாமல் போனது.